விலங்கு ஆய்வு நெறிமுறை அலுவலகத்தை நடத்துவது எப்படி?

தஞ்சை, திருச்சிப் பக்கப் பல்கலைக்கழகங்களில் இந்தப் பொறுப்புக்கு வருபவர்கள் முதலில் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தையும் விலங்கு ஆய்வுக்கான 1998ஆம் ஆண்டு விதிகளையும் வரிவரியாகப் படித்துவிடுங்கள். எலி, சுண்டெலி ஆய்வுகளுக்கு உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவே அனுமதி தரலாம். நாய், ஆடு, மாடு என்றால் விண்ணப்பம் விலங்கு ஆய்வுகளை மேற்பார்வையிடும் மத்திய அரசுக் குழுவுக்குப் போகும். அந்த மத்தியக் குழுவின் பிரதிநிதி இல்லாமல் நிறுவனக் குழுக் கூட்டம் நடத்தாதீர்கள்.

ஆய்வுக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பமான படிவம் பி-யில் விலங்குகளின் எண்ணிக்கைதான் உயிர்நாடி. "சோதனைப் பிரிவுக்கு 6, ஐந்து பிரிவு, மொத்தம் 30" என்று எழுதினால் போதாது. அந்த 6-க்குப் புள்ளியியல் கணக்கு கேளுங்கள். தேவைக்குக் குறைத்தாலும் தவறுதான்: முடிவு தேறாது, அத்தனை உயிரும் வீண்.

அனுமதி கொடுத்த பிறகுதான் உண்மையான வேலை. சொல்லாமல் கொள்ளாமல் விலங்குக் கூடத்துக்குப் போங்கள். கூண்டு அட்டையில் 4, உள்ளே 5 என்றால் அங்கேயே பதிவேட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.

கூண்டுக்குள் பரப்பும் படுக்கைக்கு நம் ஊரில் உமி எளிதாகக் கிடைக்கும். ஆனால் குறுவை அறுவடை மழையில் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பாருங்கள். முடை வாடை வந்தால் மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள். நல்ல உமியையும் ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைத்து, உலர்த்திய பிறகே பரப்ப வேண்டும்.

ஐப்பசி பிறக்குமுன் ஜெனரேட்டரைச் சுமையோடு ஓட்டிப் பார்த்து, டீசல் இருப்பு வையுங்கள். புயலில் மின்சாரம் போனாலும் அறை வெப்பம் 18 முதல் 29 டிகிரிக்குள் நிற்க வேண்டும்.