பிள்ளை உங்களிடம் முதலில் வந்து சொல்ல வேண்டுமானால்

பிள்ளையைப் போதையிலிருந்தும் சூதாட்டத்திலிருந்தும் காக்க வேண்டுமானால், முதலில் இரண்டும் வேறு வேறு என்று நினைக்காதீர்கள். சூதாட்டத்தில் எதையும் குடிப்பதில்லை, இழுப்பதில்லை, ஆனால் மூளையில் நடப்பது ஏறக்குறைய அதே கதைதான். 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநோய் வகைப்பாடு சூதாட்டக் கோளாறைப் போதைப் பழக்கங்களோடு சேர்த்தே வைத்தது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் ஆளை அதிகம் கட்டிப்போடும். உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்தே இதைக் காட்டினார். வீடியோ கேம்களில் காசு கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் திறக்கும் பரிசுப் பெட்டிகளும் இதே வித்தையில்தான் ஓடுகின்றன (பெல்ஜியம் 2018-லேயே இவற்றைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது). இதில், யோசித்து நிறுத்துகிற முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழுதாக வளர்கிறது. அதனால் "உனக்கு அறிவில்லையா" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

பத்துப் பதினொரு வயதிலேயே பேச ஆரம்பித்துவிடுங்கள். எதிரே உட்காரவைத்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்தால் காதை மூடிக்கொள்வார்கள். நடக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, இரண்டு நிமிடம், அடிக்கடி. "உன் வகுப்பில் யாராவது வேப் (மின்சிகரெட்) பிடிக்கிறார்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் எதுவானாலும் முகம் மாறாமல் இருங்கள். கஷ்டம்தான். ஆனால் முகம் மாறினால் அடுத்த முறை பதில் வராது.

அப்புறம், மறுப்பதை ஒத்திகை பாருங்கள். வெறும் "வேண்டாம்" நண்பர்கள் நடுவே எடுபடாது. "எங்க வீட்டில் கண்டுபிடித்தால் போனைப் பிடுங்கிவிடுவார்கள்" என்று பழியை உங்கள் மேல் போடச் சொல்லுங்கள். ஒரு ரகசியக் குறியும் வைத்துக்கொள்ளுங்கள்: அது மெசேஜில் வந்தால் எந்நேரமானாலும் போய்க் கூட்டி வருவீர்கள், அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்க மாட்டீர்கள். இந்த வாக்கை ஒருமுறை மீறினால் அந்தக் குறி மறுபடி வராது.

பணத்தையும் நேரத்தையும் கவனியுங்கள். பிள்ளையின் போனில் உங்கள் கார்டு எண் சேமித்திருக்கக் கூடாது, ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கட்டும். பள்ளி விட்டபின் வெறுமையாகக் கிடக்கும் மணிநேரங்கள் இன்னும் முக்கியம். ஐஸ்லாந்தில் விளையாட்டு, கலை வகுப்புகளுக்கு உதவித்தொகை, இரவில் வெளியே திரிய நேரக் கட்டுப்பாடு, பெற்றோர் கூடச் செலவிடும் நேரம் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தார்கள். 15, 16 வயதினரில் முந்தைய மாதத்தில் குடித்துப் போதையானவர்கள் 1998-ல் 42 சதவீதம், 2016-ல் 5 சதவீதம். பயமுறுத்தும் போஸ்டர்கள் இதைச் சாதித்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

நீங்களே மாலையானால் பாட்டிலைத் திறந்துகொண்டு, மேட்சுக்குப் பந்தயம் கட்டிக்கொண்டு இருந்தால், சரி, முதலில் அதைப் பார்ப்போம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டது தெரியவந்தால் அன்றைக்கே விசாரணை நடத்தாதீர்கள். தூக்கம் மாறுவது, நண்பர் கூட்டம் மொத்தமாக மாறுவது, பணம் காணாமல் போவது, இப்படிப் பார்த்ததை மட்டும் சொல்லிவிட்டு அவன் பேசக் காத்திருங்கள். சூதாட்டக் கடன் என்றால் கையில் பணம் கொடுக்காதீர்கள், "ஒரே ஆட்டத்தில் திருப்பி எடுத்துவிடலாம்" என்ற ஆசை அங்கேயே உட்கார்ந்திருக்கும். யாருக்கு எவ்வளவு என்று சேர்ந்து எழுதி, கொடுக்க வேண்டியவர்களுக்கு நேரடியாகக் கொடுங்கள். தினமும் அதிகமாகக் குடித்தவரோ தூக்க மாத்திரைக்குப் பழகியவரோ திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், அதனால் அறையில் பூட்டிவைத்து நிறுத்தவைக்கும் வேலை வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். போகும்போது நீங்களும் கூடப் போங்கள், ஆனால் பாதி நேரம் வெளியே உட்காருங்கள். உங்கள் முன் சொல்லாததை அவரிடம் சொல்லட்டும்.