தொங்கு காது நாய்கள்: காதில் எதையும் ஊற்றுவதற்கு முன்

எங்கள் வீட்டுக் காக்கர் ஸ்பேனியலுக்கு அப்போது மூன்று வயது. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரம். நடு இரவில் அது தலையை உதறும் சத்தம் கேட்கும். காதுமடல்கள் கட்டில் காலில் படபடவென்று அடிக்கும். மழை ஈரத்தை உதறுகிறது என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நான்காம் நாள் மடலைத் தூக்கிப் பார்த்தபோது புளித்துப்போன மாவின் வாடை முகத்தில் அடித்தது. உள்ளே சிவந்து வீங்கி, பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று இருந்தது. அலமாரியில் முந்தைய ஆண்டின் சொட்டுமருந்து பாதி மிச்சம் இருந்தது. அதை எடுத்து ஊற்றினேன். அது அலறிக்கொண்டு மேசைக்கடியில் போய் ஒளிந்தது. மூன்று தவறுகளைச் செய்திருந்தேன்: நான்கு நாள் சும்மா இருந்தேன், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஊற்றினேன், போன வருடத்து நோய்க்குத் தந்த மருந்தை இந்த வருடத்து நோய்க்குக் கொடுத்தேன்.

நாயின் காது எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்தாலே பாதித் தவறுகள் நின்றுவிடும். நம் காதுக்குழாய் குட்டையானது, ஏறக்குறைய நேரானது. நாய்க்கு அப்படி இல்லை. ‘ட’ என்று எழுதும்போது பேனா போகும் வழியை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கீழே இறங்கி, பிறகு பக்கவாட்டில் திரும்புகிறது; அந்தப் படுக்கைக் கோட்டின் முடிவில்தான் செவிப்பறை. மடலைத் தூக்கி நாம் பார்ப்பது ‘ட’வின் மேல்முனையை மட்டுமே. மேலே சுத்தமாகத் தெரியும் காதில், வளைவுக்கு அப்பால் சீழ் கட்டி நிற்கலாம்.

இந்த வளைந்த குழாய்க்கு மேல் ஒரு மூடியும் இருந்தால்? லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பீகிள், பாசெட் ஹவுண்ட் எல்லாவற்றுக்கும் தொங்கும் மடல் அப்படித்தான் வேலை செய்கிறது. வெப்பமும் ஈரமும் உள்ளேயே தங்குகின்றன. காக்கர் ஸ்பேனியலுக்குக் கூடுதலாகக் குறும்பி சுரக்கும் சுரப்பிகளும் அதிகம், முடியும் அதிகம். கடலோர ஊர்களின் புழுக்கமும் சேர்ந்தால் பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதல் அறிகுறிகள் சின்னவை. அடிக்கடி தலையை உதறுவது, பின்னங்காலால் காதடியைச் சொறிவது, சோபாவில் ஒரு பக்கமாகத் தலையைத் தேய்ப்பது, தடவப் போனால் விலகுவது. வாடை வருவதும் கசிவதும் அதற்குப் பிறகுதான். உதறலை ‘பழக்கம்’ என்று எண்ணி விட்டுவிடுவதே நான் அதிகம் பார்க்கும் தவறு.

அடுத்தது பட்ஸ். பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் அழுக்கு வரும். நமக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் வந்ததைவிட அதிகமான அழுக்கை அந்தக் குச்சி வளைவுக்குக் கீழே தள்ளிவிட்டிருக்கும். இயற்கையில் காதுக்குழாயின் தோல் உள்ளிருந்து வெளியே நகர்ந்து அழுக்கைத் தானே கொண்டுவந்து சேர்க்கிறது. நாம் அதை எதிர்த்திசையில் திணிக்கிறோம்.

பிறகு, கைவைத்தியம். குழந்தைகளின் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றிய வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதே அக்கறையோடு நாய்க்கும் தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், மஞ்சள் கரைசல் என்று ஊற்றுகிறோம். தயவுசெய்து வேண்டாம். நாயின் காதில் பெருகும் மலசீசியா என்ற பூஞ்சை எண்ணெய்ப்பசையை விரும்புவது. எண்ணெய் நிரம்பிய காதுக்குள் மருத்துவர் கருவியை வைத்துப் பார்த்தாலும் செவிப்பறை தெரியாது. ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, வினிகர் ஆகியவை புண்ணான தோலில் எரிச்சலைக் கூட்டும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது: ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள் உட்காதுக்குள் இறங்கிக் கேட்கும் திறனையே கெடுத்துவிடக்கூடும். மனிதர்களுக்கான சொட்டுமருந்தை ‘எல்லாம் ஒன்றுதானே’ என்று விடக் கூடாது என்பதும் இதனால்தான்.

கசிவின் நிறத்தை வைத்தே நோயைச் சொல்லிவிட முடியும் என்று நினைப்பதும் தவறு. பழுப்புப் பிசுக்கும் புளித்த வாடையும் என்றால் பூஞ்சையாக இருக்கலாம். மஞ்சள், பச்சைச் சீழும் நாற்றமும் என்றால் பாக்டீரியாவாக இருக்கலாம். குட்டிநாயின் காதில் காப்பித்தூள் போல உலர்ந்த கறுப்பு அழுக்கு என்றால் காதுப்பூச்சியாக இருக்கலாம். எல்லாமே ‘இருக்கலாம்’தான், ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தும் வரும். எங்கள் மருத்துவர் காது அழுக்கைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் என்னையே பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில் சின்னச் சின்ன நிலக்கடலைகள் சிதறிக்கிடப்பது போலத் தெரிந்தது. அதுதான் பூஞ்சை. நான் ஊற்றியிருந்ததோ பாக்டீரியாவுக்கான மருந்து. அந்தச் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆயின. காதுக்குள் பார்க்காமலும் தகட்டில் பார்க்காமலும் மருந்து எழுதினால், இரண்டையும் செய்யச் சொல்லிக் கேட்கத் தயங்காதீர்கள்.

மருந்தைப் பாதியில் நிறுத்துவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. மூன்றாம் நாள் வாடை போய்விடும், சொறிவது நின்றுவிடும், நாமும் மறந்துவிடுவோம். வளைவுக்கு அப்பால் மிச்சமிருப்பவை மீண்டும் பெருகும். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியா அந்த மருந்துக்கே அடங்காததாக மாறும். சொன்ன நாள் வரை மருந்து, முடிந்ததும் மறுபரிசோதனை. மருத்துவர் ‘போதும்’ என்று சொல்லும்வரை அது போதாது.

சுத்தம் செய்வதிலும் முறை இருக்கிறது. நாய்களுக்கான காது கழுவும் திரவத்தைச் சற்று நேரம் கையில் பிடித்து, குளிர்ச்சி போன பிறகு எடுங்கள். மடலை மேலே தூக்கிப் பிடித்து, புட்டியின் முனை உள்ளே போகாமல், குழாய் நிரம்பும் அளவு ஊற்றுங்கள். காதின் அடிப்பகுதியில், தாடைக்குப் பின்னால், விரல்களால் அரை நிமிடம் மெல்லப் பிசைந்தால் ‘சளக் சளக்’ என்று கேட்கும். பிறகு கையை எடுத்துவிடுங்கள். அது தலையை உதறி அழுக்கை மேலே கொண்டுவரும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பஞ்சால் துடையுங்கள். சொட்டுமருந்து இருந்தால் சில நிமிடம் கழித்து விடுங்கள். வலியால் கத்தும் காதைக் கழுவ வேண்டாம். அதை மருத்துவரிடம் விடுங்கள். நன்றாக இருக்கும் காதைத் தினமும் கழுவுவதும் கெடுதல்தான். ஓயாத ஈரம் தோலை ஊறவைத்துவிடும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை திரும்பி வந்தால், காதை விட்டுவிட்டு முழு நாயைப் பாருங்கள். பாதங்களை நக்கிக்கொண்டே இருக்கிறதா? வயிறும் அக்குளும் சிவந்திருக்கின்றனவா? காதுக்குழாயும் தோல்தான். தோலில் ஒவ்வாமை இருந்தால் பல நாய்களில் அது முதலில் காதில்தான் தெரியும். மூடிபோன்ற மடல் நோயை வளர்க்கும். தொடக்கம் பெரும்பாலும் ஒவ்வாமைதான். உணவு ஒவ்வாமையா என்று அறிய, அதுவரை சாப்பிட்டிராத புரதம் கொண்ட உணவை மட்டும், மருத்துவர் சொல்படி, குறைந்தது எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் பாட்டி அன்போடு நீட்டும் ஒரு துண்டு பால் பிஸ்கட், ஒரு வாய் தயிர்சாதம்கூட அந்த எட்டு வார உழைப்பைக் குலைத்துவிடும். வீட்டிலுள்ள எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

காது மடலில் உண்ணி இருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், மண்ணெண்ணெய் தடவாதீர்கள். மடல் திடீரென்று பலூன் போல உப்பினால், உதறி உதறி உள்ளே இரத்தக்குழாய் உடைந்திருக்கிறது, ஊசியால் குத்தாதீர்கள். வலிக்குப் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் என்று நம் மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. அவை நாய்க்கு நஞ்சாகும். தலை ஒரு பக்கம் சாய்ந்தாலோ, வட்டமடித்து நடந்தாலோ, தள்ளாடினாலோ, கண்மணிகள் ஓயாமல் ஆடினாலோ, நோய் நடுக்காதையோ உட்காதையோ தொட்டுவிட்டிருக்கலாம். அன்றே போங்கள்.

வருடக்கணக்கில் அலட்சியப்படுத்தப்பட்ட காதுக்குழாய் தடித்து, சுருங்கி, கடைசியில் சுண்ணாம்பேறிக் கெட்டியாகும். அப்போது மருந்து உள்ளே போக வழியே இருக்காது. குழாயை முழுவதுமாக அறுத்து எடுப்பதே மிஞ்சும். வலி போகும், பெரும்பாலும் கேட்கும் திறனும் போகும்.

எங்கள் நாய்க்கு இப்போது ஒன்பது வயது. ஞாயிறு காலை, குளிப்பதற்கு முன், அது என் மடியில் தலையை வைக்கும். நான் இரண்டு மடல்களையும் தூக்கி ஒவ்வொரு காதாக முகர்ந்து பார்ப்பேன். நல்ல காதில் ஏறக்குறைய எந்த வாடையும் இருப்பதில்லை.