ஹீட்டர் டாங்கைக் காலி செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளச்சல் பக்கம் கட்டிக் கொடுத்த என் தங்கை ஒரு நாள் காலையில் போன் போட்டாள். "அண்ணே, ஹீட்டருக்குள்ள யாரோ பொரி வறுக்க மாதிரி சத்தம் கேக்கு." எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, அடியில் உப்பு படிந்திருக்கிறது, டாங்கைக் காலி செய்து கழுவ வேண்டும், இதற்கெல்லாம் எதற்குப் பிளம்பர் என்று மறுநாள் ஒரு ஸ்பேனர் செட்டோடு கிளம்பிப் போனேன். கரண்ட்டை அணைத்து, மாடி டாங்கிலிருந்து வரும் வால்வை மூடி, குளியலறையில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். கொஞ்ச நேரம் ஓடி நின்றது. சரி, காலி என்று நினைத்து, ஸ்டூலில் ஏறி ஹீட்டரின் அடித்தட்டு நட்டுகளைக் கழற்றினேன். 25 லிட்டர் ஹீட்டர். கிட்டத்தட்ட 25 லிட்டரும் என் சட்டைக் கை வழியாக இறங்கியது. முந்தின நாள் இரவே அணைத்து வைக்கச் சொல்லியிருந்ததால் ஆறிய தண்ணீர், இல்லாவிட்டால் இதை எழுதும் நிலையில் இருந்திருக்க மாட்டேன். மச்சான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நிறையப் பேர் செய்யும் முதல் தவறு இதுதான். குழாயில் தண்ணீர் நின்றால் டாங்க் காலி என்று அர்த்தமில்லை. சூடான தண்ணீர் மேலே மிதக்கும் என்பதால், சுவரில் நட்டமாக மாட்டும் ஹீட்டர்களில் வெளியே போகும் குழாய் உள்ளே டாங்கின் உச்சி வரை நீண்டிருக்கும். கீழே புதுத் தண்ணீர் வந்து தள்ளினால்தான் மேலே இருப்பது வழிந்து குழாய்க்கு வரும். உள்ளே வரும் வழியை நீங்கள் மூடியவுடன் தள்ள ஆளில்லை, ஓட்டம் நின்றுவிடும், டாங்க் அப்படியே நிறைந்திருக்கும். காலி செய்ய வேண்டுமானால் தண்ணீர் உள்ளே வருகிற பக்கத்துக் குழாயைத்தான், அதாவது நீல வளையம் போட்ட பக்கத்தைத்தான், கீழே கழற்ற வேண்டும்.

அப்படிக் கழற்றும்போது இன்னொரு தவறு வரும். சுடுதண்ணீர்க் குழாயை மூடி வைத்துவிட்டு, நீலப் பக்கத்தை மட்டும் கழற்றினால் நாலு சொட்டு விட்டு நிற்கும். ஒரே ஒரு ஓட்டை போட்ட இளநீரைக் கவிழ்த்துப் பாருங்கள், அதே கதை. உள்ளே காற்று போக வழி வேண்டும். ஆகவே சுடுதண்ணீர்க் குழாய் கடைசி வரை திறந்தே இருக்கட்டும். மிக்சர் டேப் இருக்கும் வீடுகளில் பச்சைத் தண்ணீர் பக்கத்தை இறுக மூடுங்கள், இல்லாவிட்டால் அது மிக்சர் வழியாகச் சுற்றி ஹீட்டருக்குள் வந்துகொண்டே இருக்கும், நீங்கள் அரை மணி நேரம் வாளி மாற்றிக்கொண்டே நிற்பீர்கள்.

கரண்ட் விஷயத்தில் விளையாட்டே வேண்டாம். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கைவைப்பதும் தவறுதான். வயரிங்கில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் சுவிட்ச் அணைந்த பிறகும் தண்ணீரைச் சூடாக்கும் காயிலில் கரண்ட் நிற்கும். பிளக்கையே பிடுங்குங்கள், அல்லது இரண்டு வயரையும் சேர்த்து அறுக்கும் எம்சிபியை இறக்குங்கள். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், அதை 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டியிருப்பவர்கள் டாங்க் கழுவுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மாற்றுங்கள். எர்த்தும், கரண்ட் கசிந்தால் உடனே அறுத்துவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் இல்லாத வீட்டில் ஹீட்டரே மாட்டக்கூடாது என்பது என் கட்சி.

தங்கை வீட்டு டாங்கிலிருந்து வந்ததைப் பார்த்திருக்க வேண்டும். இட்லிப் பானையின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே சாதனம் முட்டை ஓடு மாதிரி செதில் செதிலாக, ஒரு சிரட்டை நிறைய. கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடானதும் கால்சியம் கார்பனேட்டாக மாறி, எங்கே சூடு அதிகமோ அங்கேயே, அதாவது காயில் மேலேயே, ஒட்டிக்கொள்ளும். அந்தப் படிவுக்கு அடியில் மாட்டிய தண்ணீர் கொதித்து வெடிப்பதுதான் பொரி வறுக்கும் சத்தம். காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாமல் அதையே சுடும், ஒரு நாள் எரிந்து போகும். கடலோரத்தில் உப்புச் சுவை தட்டும் போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கழுவுவது நல்லது. திருவட்டாறு பக்கம் எங்கள் வீட்டுக் கிணற்று வெள்ளத்துக்கு (எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் தண்ணீர்தான், பயந்துவிடாதீர்கள்) வருஷத்துக்கு ஒரு முறை போதும். ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டம் இது, கிணறு கலங்கும்போது சேறு டாங்குக்குள்ளும் போகும், உப்பு இல்லை என்று பத்து வருஷம் திறக்காமல் விடுவதும் தவறு. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கடைசி வரை திருகி வைப்பவர்களுக்குப் படிவும் சீக்கிரம் சேரும். 60 டிகிரியை ஒட்டி வைத்தால் போதும், அந்தத் தண்ணீரையும் பச்சைத் தண்ணீர் கலந்துதான் தொட வேண்டும், கலக்காமல் விட்டால் குழந்தையின் தோல் நொடிகளில் வெந்துவிடும்.

கழுவும்போது கக்கூஸ் கழுவும் ஆசிட்டை டாங்குக்குள் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உப்பை மட்டும் தின்னாது, காயிலின் செம்பு உறையையும், உள்பூச்சில் விரிசல் இருந்தால் இரும்பையும் சேர்த்துத் தின்னும். காயிலைக் கழற்றி, சிட்ரிக் ஆசிட் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரிலோ வினிகரிலோ சில மணி நேரம் ஊறவிட்டால் படிவு தானே உரியும். கத்தியால் சுரண்ட வேண்டாம். கூடவே ஒரு மக்னீசியம் கம்பி வரும், அனோடு ராடு என்பார்கள். அது கரைந்து மெலிந்திருப்பதைப் பார்த்து, கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போட்டுவிட்டு வெறுமனே மூடிவிடுவார்கள். டாங்க் துருப்பிடிக்காமல் இருக்க அது தன்னைக் கரைத்துக்கொள்கிறது, அதன் வேலையே அதுதான். மெலிந்திருந்தால் புதிது போடுங்கள். ரப்பர் வாஷரும் புதிதாகவே போடுங்கள், பழையதைத் திரும்பப் போட்டு நான் ஒரு தடவை இரண்டு வேலை பார்த்தேன்.

எல்லாம் மாட்டி முடித்ததும் வரும் அவசரம்தான் பெரிய செலவு வைக்கும். டாங்க் நிறையும் முன்பு சுவிட்ச் போட்டால் காயில் வெறும் காற்றில் பழுத்து சில நிமிடங்களில் போய்விடும். வால்வைத் திறந்து, சுடுதண்ணீர்க் குழாயையும் திறந்து வையுங்கள். முதலில் காற்று புஸ்ஸென்று துப்பும், அப்புறம் விட்டுவிட்டு வரும், கடைசியில் ஒரே சீராகத் தண்ணீர் விழும். அதற்குப் பிறகுதான் சுவிட்ச். கல்ப்பிலிருந்து லீவுக்கு வருகிறவர்களுக்கும் இதே பேச்சுதான். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் மாடி டாங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று கூடப் பார்க்காமல் வந்த அன்றே ஹீட்டரைப் போடாதீர்கள். பழைய தண்ணீர் அழுகின முட்டை நாற்றம் அடிக்கலாம், முழுவதையும் வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

மாடியில் சோலார் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் உச்சி வெயிலில் அந்த வேலைக்கே போகாதீர்கள். தண்ணீர் இல்லாத கண்ணாடிக் குழல்கள் வெயிலில் 200 டிகிரிக்கு மேலேயே போகும், அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் படபடவென்று உடையும். விடியும் முன்போ, பொழுது சாய்ந்து ஆறிய பிறகோ நிரப்புங்கள்.

தங்கை இரண்டு நாள் கழித்து மறுபடியும் போன். "சத்தம் போச்சு அண்ணே, ஆனா நீ சரியா மாட்டல, அடியில வால்வு ஒழுகுது." ஹீட்டர் ஓடும்போது மட்டும்தானே என்று கேட்டேன், ஆமாம் என்றாள். 25 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 350 மில்லி அளவுக்கு விரியும். உள்ளே வந்தது திரும்பிப் போகாதபடி ஹீட்டர் அடியில் இருக்கும் இந்த வால்வு தடுத்திருப்பதால், அழுத்தம் ஏறும்போது அந்த வால்வே கொஞ்சம் கசியவிடும். அதை ஒழுக்கு என்று நினைத்து டம்மி போட்டு அடைத்தால் நீங்கள் குளியலறைச் சுவரில் ஒரு வெடிகுண்டை மாட்டியிருக்கிறீர்கள். ஹீட்டர் ஓடாத நேரத்திலும் விடாமல் சொட்டினால் வால்வில் உப்பு மாட்டியிருக்கலாம், அப்போது வால்வை மாற்றுங்கள். இதைச் சொல்லி முடிக்கும்போது பின்னாலிருந்து மச்சான் குரல் கேட்டது, டேப் சுற்றி அடைத்தாகிவிட்டதாம். உடனே பைக்கை எடுத்துக்கொண்டு போய் அதை அவிழ்த்துவிட்டு, அரை இஞ்ச் குழாய் ஒன்றை வால்விலிருந்து தரை வரை இழுத்துவிட்டு வந்தேன்.