ஒரு கல்லூரித் தலைவரின் வாழ்க்கையை ஏழு நிமிடத்தில் சொல்வது எப்படி

சிங்கப்பூரில் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் மறைக்கல்வி முடிந்ததும் பெரிய பிள்ளைகளுக்கு ஏழு நிமிட உரை ஒன்று உண்டு. பேச வருகிறவர்களைத் தயார்ப்படுத்துவது என் வேலை. புனிதர்களைப் பற்றிப் பேசுவது சுலபம், கதை ஏற்கெனவே எழுதித் தயாராக இருக்கும். இதே ஊரில் நேற்றுவரை வாழ்ந்து, பள்ளியோ கல்லூரியோ நடத்தி, இறைப்பற்றோடு செத்துப்போன ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னால்தான் பலரும் திணறுகிறார்கள். "அன்பே உருவானவர், கல்விக் கண் திறந்தவர், தன்னலமற்றவர்" என்று மூன்று நிமிடம் ஓடும். அதற்குள் பின்வரிசையில் கைப்பேசிகள் வெளியே வந்துவிடும்.

லசால் கலைக் கல்லூரியைத் தொடங்கிய அருட்சகோதரர் ஜோசப் மெக்நாலியை எடுத்துக்கொண்டு, நான் சொல்லிக்கொடுக்கும் வழியைக் காட்டுகிறேன். ஓஃபீர் சாலை லூர்து அன்னை ஆலயத்திலிருந்து அந்தக் கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம். அது நிற்கும் தெருவுக்கே அவர் பெயர்தான். இருந்தும் நம் பிள்ளைகளில் பலருக்கு மெக்நாலி ஒரு தெருப் பெயர் அளவுக்குத்தான் தெரியும்.

முதலில் ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் அவர் வாழ்க்கை. 1923இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் பாலிண்டபர் என்ற சிற்றூரில் பிறப்பு. 14 வயதில் லசால் சபை என்ற துறவற சபை. 1946இல் சிங்கப்பூர், பிராஸ் பசா சாலையில் இருந்த செயின்ட் ஜோசஃப்ஸ் பள்ளியில் ஆசிரியர். 1950களில் கலைப் படிப்பு. பிறகு மலாயாவிலும் கற்பித்தார், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார், செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளிக்கு முதல்வராக இருந்தார். 1984இல் கலைப் பள்ளி, இன்றைய லசால் கல்லூரி. 1985இல் சிங்கப்பூர்க் குடியுரிமை. 2002இல் அயர்லாந்து போயிருந்தபோது மறைவு.

வலப்பக்கம் அதே ஆண்டில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். 1946க்கு நேராக: ஜப்பான்காரன் போய் ஒரு வருடம்கூட நிறையவில்லை, அரிசிக்குப் பங்கீட்டு அட்டை. 1984க்கு நேராக: அப்பா தொடக்கப்பள்ளி, பாட்டி புதிதாகக் கிடைத்த வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு. இந்த வலப்பக்கத்தை மேடையில் வாசிக்க வேண்டாம். எந்த இடத்தில் குரல் மெதுவாக வேண்டும் என்று அது உங்களுக்குச் சொல்லிவிடும்.

அப்புறம் தாளில் பெரிய இடைவெளி எங்கே என்று பாருங்கள். 1946க்கும் 1984க்கும் நடுவே 38 ஆண்டுகள். அவருடைய பெயர் நிற்கக் காரணமான வேலை தொடங்கும்போது அவருக்கு வயது 61. மற்றவர்கள் சேமநிதிக் கணக்கைப் பார்த்துக்கொண்டு பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டு வரும் வயது. அவரோ பள்ளி முதல்வர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஈஸ்ட் கோஸ்ட் சாலைப் பக்கம் செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளி இடத்திலேயே கலை மையம் ஒன்றைத் திறந்தார். ஏழு நிமிடத்தில் மூன்றை இங்கேயே செலவழியுங்கள். படம் வரைந்தால் சோறு கிடைக்குமா என்று பெற்றோர் கேட்ட காலம் அது. (இன்றும் கேட்கிறார்கள். என் வீட்டிலேயே கேட்டாயிற்று.) ஊரில் கலைக்கு நன்யாங் நுண்கலைக் கழகம் 1938லிருந்தே இருந்தது. ஆகவே "முதன்முதலில் கலையைக் கொண்டுவந்தவர்" என்று அளந்துவிடாதீர்கள், யாராவது ஒரு பிள்ளை அங்கேயே தேடிப் பார்த்துச் சொல்லிவிடும்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லுங்கள். கோயிலில் பணத்தைப் பற்றிப் பேசலாமா என்று தயங்குகிறார்கள். கல்லூரித் தலைவர் ஒருவரின் நாள் பாதி அதிலேயே போகும். 1990களின் தொடக்கத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஒரு கோடியே 50 லட்சம் வெள்ளி கொடுத்தது. அதனால் கல்லூரியின் பெயரிலேயே விமான நிறுவனத்தின் எழுத்துகள் பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தனக்கென்று பணம் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று வார்த்தைப்பாடு கொடுத்த ஒரு மனிதர் கலைக்காக நன்கொடை கேட்டு நின்றிருக்கிறார். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும் இடம் இதுதான்.

சரி, இறைப்பற்றை எப்படிச் சொல்வது? "ஆழ்ந்த விசுவாசி" என்றால் காதில் ஏறாது. அவர் சேர்ந்த சபை என்ன செய்கிறது என்று சொல்லுங்கள். பிரான்சில் ஏழைப் பையன்களுக்குப் பள்ளி நடத்த 1680இல் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் தொடங்கிய சபை அது. லத்தீனில் வாசிக்கப் பழக்குவதுதான் அன்றைய வழக்கம். அவர்கள் பிள்ளைகளின் சொந்த மொழியிலேயே தொடங்கினார்கள். சபையின் சகோதரர்கள் குருக்கள் ஆவதில்லை. திருப்பலி நிறைவேற்ற மாட்டார்கள், பாவசங்கீர்த்தனம் கேட்க மாட்டார்கள், வகுப்பறைதான் அவர்கள் பணித்தளம். எனவே அவரை "ஃபாதர்" என்று சொல்லிவிடாதீர்கள், "பிரதர்" என்றே சொல்லுங்கள். லசால் பள்ளிகளில் வேலை தொடங்கும் முன் ஒரு வரி சொல்வார்கள்: நாம் இறைவனின் திருமுன்னிலையில் இருக்கிறோம் என்பதை நினைவுகூர்வோம். இதைச் சொல்லிவிட்டு அரை நிமிடம் சும்மா நில்லுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம்.

நேரில் பழகியவர்கள் கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் கேள்வியைச் சின்னதாகக் கேளுங்கள். எங்கள் பங்கில் ஒரு அங்கிள் வேறொரு பள்ளியில் வேறொரு பிரதரிடம் படித்தவர். கோப்பிக் கடையில் உட்கார்த்தி வைத்து "உங்க பிரின்சிபல் எப்படிப்பட்டவர் அங்கிள்?" என்று ஒரு பெண் கேட்டாள். "ரொம்ப நல்லவரும்மா" என்றார். அத்தோடு கோப்பி-ஓவைக் கலக்க ஆரம்பித்துவிட்டார். நான் குறுக்கே புகுந்து, "வகுப்புக்குள்ள வரும்போது கையில என்ன வச்சிருப்பார்?" என்றேன். "கையிலயா? ஒண்ணும் இருக்காது. கீழ கிடக்குற சாக்பீஸ் துண்டையெல்லாம் குனிஞ்சு பொறுக்கி அங்கிப் பாக்கெட்ல போட்டுக்குவாரு. பாக்கெட் பூரா வெள்ளையா இருக்கும்" என்று தொடங்கியவர் கோப்பி ஆறும்வரை நிறுத்தவில்லை. கை, பாக்கெட், நடை, சாப்பாடு என்று கேளுங்கள். குணம் தானாக வந்துவிடும். கேட்டதை எழுதி அவரிடமே வாசித்துக் காட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஆள் கிடைக்காவிட்டால் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகம் இருக்கிறது. பழைய நாளிதழ்களை நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். முழுப்பெயரை மட்டும் போட்டுத் தேடினால் பாதி தப்பிவிடும். பிரதர் ஜோசஃப், டாக்டர் மெக்நாலி, பள்ளியின் பெயரோடு ஆண்டு என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். பாராட்டுக் கட்டுரைகளைவிட அவர் வேலையில் இருந்தபோது வந்த சின்னச் செய்திகள்தான் உதவும்.

கையில் காட்ட ஒரு பொருள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மெக்நாலி சிற்பி. அயர்லாந்தின் சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கறுத்துப்போன ஓக் மரத்தை எடுத்துச் செதுக்கியவர். அந்த மரச் சிற்பத்தின் படம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டுக் கைமாற்றுங்கள். திரையில் காட்டினால் எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்து ஒரே நேரத்தில் மறந்துவிடுவார்கள்.

உரைக்குப் பிறகு நேரமிருந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கல்லூரிவரை நடங்கள். வெளிப்பக்கம் கறுப்புச் சுவர், உள்ளே நுழைந்தால் இருபக்கமும் கண்ணாடி. கல்லூரி அங்கே வந்தது 2007இல், அவர் இறந்து ஐந்து ஆண்டு கழித்து. அந்தக் கட்டடத்தை அவர் பார்க்கவில்லை. இன்று அது கத்தோலிக்கக் கல்லூரியும் அல்ல. எல்லா மதத்துப் பிள்ளைகளும் மதமே வேண்டாம் என்பவர்களும் படிக்கும் இடம். நன்யாங்கோடு சேர்ந்து 2024 முதல் சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகத்தின் அங்கமாகவும் ஆகிவிட்டது. இதைச் சொன்னால் சில பெரியவர்களுக்கு முகம் வாடும். எனக்கென்னவோ அவர் விட்டுப்போனதில் ஆகச் சிறந்தது இதுதான் என்று தோன்றுகிறது. சபைக்குச் சொத்து சேர்க்கவா அந்த வயதில் கிளம்பினார்?

கேள்வி நேரத்தில் "அவர் கல்யாணம் பண்ணிக்கலையா?" என்று கட்டாயம் ஒருவன் கேட்பான். சிரிக்காமல், சுற்றி வளைக்காமல், இல்லை என்று சொல்லி வார்த்தைப்பாடு என்றால் என்ன என்று விளக்குங்கள். "அப்போ சம்பளத்தை யார்கிட்ட குடுப்பார்?" என்பது அடுத்த கேள்வி. அது சபையின் பொதுக் கணக்குக்குப் போகும் என்று சொல்லுங்கள்.