உப்புக்காற்று அரித்த போர்டைத் தூக்கிப் போடாதீர்கள்

சென்னையில் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் ஏசியின் சர்க்யூட் போர்டு சீக்கிரம் போய்விடுகிறது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் போர்டில் மின்சாரம் ஓடும் மெல்லிய செப்புத் தடத்தைப் பச்சை பூக்க வைத்து அரித்துவிடும். "போர்டே மாத்தணும் சார்" என்று மெக்கானிக் சொன்னதும் பணத்தை எடுக்காதீர்கள். அறுந்தது ஓரிரு தடம்தான் என்றால், சால்டரிங் (ஈயத்தை உருக்கிப் பற்றவைப்பது) பழக்கம் உள்ளவர்கள் தாங்களே சரிசெய்யலாம்.

ஒன்று மிக முக்கியம். மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் இன்வெர்ட்டர் ஏசியின் பெரிய கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாகம்) 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். அது இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பார்க்காமல் கை வைக்கவே வேண்டாம்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் பச்சையைத் தேய்த்து எடுங்கள். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்துத் தடத்தின் இரு முனைகளைத் தொட்டால், இணைப்பு இருந்தால் ஒலிக்கும், அறுந்திருந்தால் ஒலிக்காது; அப்படி அறுந்த இடம் தெரியும். அதன் இரு பக்கமும் மேல்பூச்சை பிளேடால் மெதுவாகச் சுரண்டுங்கள். செம்பு பளிச்சென்று தெரிய வேண்டும்; கறுப்பாக இருந்தால் ஈயம் ஒட்டாது. ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவி, ஈயம் பூசி, அறுந்த இடத்தை இணைக்கும் ஜம்பர் வயரைப் பற்றவையுங்கள். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் மிக மெல்லிய 30 கேஜ் வயர் சிக்னல் தடத்துக்கு மட்டும்தான். மோட்டார், ரிலே கரண்ட் போகும் தடத்துக்குத் தடித்த வயர் போடுங்கள், இல்லையென்றால் சூடாகி எரியும்.

கடைசியாக, கனெக்டர்களை டேப்பால் மறைத்துவிட்டு ஈரம் புகாமல் காக்கும் கன்ஃபார்மல் கோட்டிங் ஸ்ப்ரே அடியுங்கள்.