கப்பலில் உலகம் சுற்றக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பதி வீட்டுக்கு வந்திருந்தார்கள். இருவரும் வங்கி வேலையில் ஓய்வு பெற்றவர்கள். வருகிற ஜனவரியில் கப்பல் ஏறி நான்கு மாதம் உலகத்தைச் சுற்றப் போகிறார்கள். பால்கனி அறை எடுப்பதா, ஜன்னல் மட்டும் போதுமா என்று அரை மணி நேரம் பேசினார்கள். விசா என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அதெல்லாம் ஏஜென்ட் பாத்துப்பார் சார்" என்றார் கணவர்.

2018-இல் நானும் இதையேதான் சொன்னேன். அதற்கு நான் கொடுத்த விலை 13 நாள் பயணம்.

மாத்திரை, கண்ணாடி, பாஸ்போர்ட் நகல் எல்லாம் நான் சொல்லாமலே எடுத்து வைப்பீர்கள். அதை விட்டுவிடுகிறேன்.

"ஐரோப்பாவுக்கு ஒரு தடவைதானே போகிறோம்"

எங்கள் கப்பல் லாஸ் ஏஞ்சலஸில் கிளம்பி மேற்கு நோக்கிப் போனது. பசிபிக்கைத் தாண்டி சிட்னி, சிங்கப்பூர், கொழும்பு, அப்புறம் சூயஸ் கால்வாய். அதைக் கடந்ததும் ஏதென்ஸுக்குப் பக்கத்துத் துறைமுகமான பிரேயஸ், பிறகு இஸ்தான்புல், நேப்பிள்ஸ், பார்சிலோனா, லிஸ்பன். கடைசியில் சவுத்தாம்ப்டன். வரைபடத்தில் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒட்டித்தான் இருந்தன. பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் ஏஜென்ட் ஒற்றை நுழைவு என்று நிரப்பினார், நானும் கையெழுத்துப் போட்டேன்.

துருக்கி ஷெங்கனில் இல்லை. பிரேயஸில் உள்ளே போய், இஸ்தான்புல்லுக்குக் கிளம்பியதும் அந்த ஒரு நுழைவு தீர்ந்தது. நேப்பிள்ஸுக்குப் போக இன்னொரு நுழைவு வேண்டும். விசா ஸ்டிக்கரில் இதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. பல முறை போகலாம் என்றால் அதில் 'மல்ட்' என்று அச்சிட்டிருப்பார்கள். எங்களுடையதில் 01. கையில் வாங்கிய நாளில் போட்டோ சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். அந்தக் கட்டத்தைப் பார்க்கவில்லை.

கப்பல் ஏறும்போதும் விசா இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தார்கள். செங்கடலில் போய்க்கொண்டிருந்தபோது, ஒருநாள் காலை அறைக் கதவின் அடியில் ஒரு கடிதம் கிடந்தது. வரவேற்பு மேஜைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அங்கிருந்த பெண் எங்கள் பாஸ்போர்ட்டை விரித்து அந்த 01-இன் மேல் பேனா முனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நாங்கள் எங்கும் இறங்கவில்லை, அறையிலேயே இருந்துவிடுகிறோம்" என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை. இஸ்தான்புல்லில் பெட்டியோடு இறக்கிவிட்டார்கள். துருக்கி விசா மட்டும் ஒழுங்காக இருந்தது. கடைசி நேர விலையில் சென்னைக்கு இரண்டு டிக்கெட். மீதி 13 நாளுக்குக் கட்டிய பணத்தில் ஒரு பைசா திரும்பவில்லை. விசா பயணியின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் நாங்கள் படிக்காத பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஏஜென்ட் இன்றுவரை ஒரு ஸாரி சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

வந்த தம்பதியை நோட்டும் பேனாவுமாக உட்கார வைத்தேன். துறைமுகங்களை வரிசையாக எழுதி, ஷெங்கனில் இருப்பதை எல்லாம் பச்சையில் வட்டமிடச் சொன்னேன். பச்சை அறுந்து மறுபடி தொடங்கும் ஒவ்வொரு இடமும் ஒரு புது நுழைவு. துருக்கி, மொராக்கோ, பிரிட்டன் மூன்றும் பச்சையை அறுக்கும். குரோஷியா 2023-இல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. ஆனால் அதற்கு அடுத்தே இருக்கும் மாண்டினீக்ரோவின் கோட்டோர் இன்னும் வெளியேதான். குரோஷியாவின் டுப்ரோவ்னிக், கோட்டோர், கிரீஸின் கோர்ஃபு என்று மூன்று நாளில் மூன்று ஊர் போனால் இரண்டு நுழைவு. அவர்கள் நோட்டில் நான்கு வந்தது. அந்த அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

இந்தப் பட்டியலை விண்ணப்பத்தோடு இணைத்து, பல நுழைவு வேண்டும் என்று கடிதத்திலேயே கேளுங்கள். ஆஸ்திரேலியாவுக்கும் இதே கணக்குதான். பிரிஸ்பேனில் இறங்கி, நியூ கலிடோனியா போய்விட்டு சிட்னிக்கு வந்தால் இரண்டு நுழைவு.

இன்னொரு சிக்கல் தேதி. ஐரோப்பாவில் நுழையும் நாளுக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் ஷெங்கன் விண்ணப்பத்தை வாங்கவே மாட்டார்கள். ஏப்ரலில் ஐரோப்பா என்றால் அக்டோபரில்தான் கொடுக்க முடியும். ஜனவரியில் கப்பல் கிளம்பிவிடும். நடுவில் இருக்கும் மூன்று மாதத்தில் பாஸ்போர்ட் வேறொரு தூதரகத்தில் மாட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அதனால் நேர்காணலுக்கே மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கும் அமெரிக்க விசாவை முதலில் முடியுங்கள். வழக்கமாக 10 வருடத்துக்குக் கொடுப்பார்கள், வீணாகாது.

பாதை மாறவும் மாறும். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், பல உலகச் சுற்றுக் கப்பல்கள் சூயஸை விட்டுவிட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தென்னாப்பிரிக்கா விசா கேட்கும். பாதை மாறினால் என்ன செய்வீர்கள் என்று பணம் கட்டும் முன்பே கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள்.

கிளம்பும் நாளன்றே விமானத்தில் போய் இறங்குவது

கூடாது. இரண்டு நாள் முன்னால் போங்கள்.

திசையைப் பார்க்காமல் கப்பல் தேர்வது

மேற்கே போனால் கடிகாரத்தை அவ்வப்போது ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அந்த நாளுக்கு 25 மணி நேரம், நன்றாகத் தூங்கலாம். கிழக்கே போனால் 23 மணி நேரம்தான். பசிபிக்கில் சில நாட்கள் விட்டு விட்டு இப்படிப் பறிகொடுத்தால், 60 வயதுக்கு மேல் உடம்பு கேட்காது. மேற்கே போகிறவர்களுக்குத் தேதிக்கோட்டில் ஒரு முழு நாள் காணாமல் போகும். என் மனைவியின் பிறந்தநாள் அதில் போனது. அவருக்கு அதில் வருத்தமே இல்லை, வயது ஏறவில்லையாம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது

பிரேசில், கென்யா போன்ற நாடுகளுக்குப் போய்விட்டு இந்தியா திரும்பும்போது சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். 60 தாண்டி முதல் முறை போட்டுக்கொள்கிறவர்களுக்குப் பக்கவிளைவு ஆபத்து கொஞ்சம் கூடுதல், டாக்டரிடம் பேசாமல் போகாதீர்கள்.

டிக்கெட் விலைதான் மொத்தச் செலவு என்று நினைப்பது

பல கப்பல்களில் டிப்ஸ் தனி. ஆளுக்கு நாளொன்றுக்கு 16 டாலர் என்று வையுங்கள். இரண்டு பேர், 110 நாள். 3,520 டாலர்.

ரைஸ் குக்கர்

வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். இறங்கும் நாளில்தான் திருப்பித் தருவார்கள்.

வீட்டுப் பணவேலையைக் கடலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

நடுக்கடலில் நம்மூர் சிம்முக்கு ஓடிபி வராது. கப்பலின் சொந்த நெட்வொர்க்கில் போன் தானாகச் சேர்ந்துகொண்டாலோ பில்லைப் பார்த்து மயக்கம் வரும். ஃப்ளைட் மோடில் போட்டு வைஃபை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓடிபி மின்னஞ்சலுக்கும் வருமா என்று வங்கியில் கேளுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைக்கவும் மறக்காதீர்கள். கரண்ட் பில்லை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போங்கள். நாங்கள் கப்பலிலிருந்து கட்டலாம் என்று விட்டிருந்தோம். இஸ்தான்புல்லிலிருந்து திரும்பிய மனநிலையில் நள்ளிரவு வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டால் இருட்டு. ஃப்யூஸைப் பிடுங்கி எத்தனை நாள் ஆகியிருந்ததோ, ஃப்ரிட்ஜைத் திறந்த கதை வேண்டாம்.