வீட்டுக்கு ஒரு உயில்: எழுதுறது, சாட்சி புடிக்கிறது, அப்புறம் ப்ரொபேட்

எங்கப்பா உயில் எழுதி வச்சுட்டுத்தான் போனாரு. யாருக்கு எதுன்னு தெளிவா இருந்துச்சு, கையெழுத்து இருந்துச்சு, ரெண்டு சாட்சி இருந்தாங்க. ஆனா அந்த ரெண்டு சாட்சியும் அவரோட ஆபீஸ்ல வேலை பார்த்தவங்க, அவரை விட மூத்தவங்க, அப்பாவுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் போய் சேர்ந்துட்டாங்க. வீடு சென்னைக்குள்ள இருக்கறதால அப்ப ப்ரொபேட், அதாவது உயில் உண்மைதான்னு கோர்ட் குடுக்கற சான்று, வாங்காம வேற வழி இல்ல, கோர்ட்ல சாட்சி எங்கன்னு கேட்டா நான் யாரை கூட்டிட்டு போறது? கடைசில ஒரு சாட்சியோட பொண்ணை தேடி புடிச்சு, அவங்க வீட்டு பரண்ல இருந்து அவர் வாங்குன மனையோட பழைய கிரயப் பத்திரத்தை இறக்கி, அந்த கையெழுத்தையும் உயில்ல இருக்கற கையெழுத்தையும் பக்கத்துல வச்சு பார்த்தோம். பேருக்கு கீழ கோடு இழுத்து ரெண்டு புள்ளி வைக்கிறது அவர் பழக்கமாம், ரெண்டுலயும் அந்த புள்ளி இருந்துச்சு. அந்தக்கா "இது எங்கப்பா கையெழுத்துதான்"னு சத்தியம் பண்ணி அஃபிடவிட் எழுதிக் குடுத்தாங்க. எல்லாம் முடிய ரெண்டரை வருஷம்.

அதனால உயில்னாலே எனக்கு முதல்ல தோணுறது "யாருக்கு எவ்ளோ" இல்ல, "நான் இல்லாத அன்னிக்கு இந்த பேப்பருக்காக யார் வந்து பேசுவாங்க"ங்கறதுதான். நம்மாளுங்க முதல் கேள்விக்கு பத்து வருஷம் யோசிப்பாங்க, ரெண்டாவதை சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசல்ல நிக்கிறப்ப யோசிப்பாங்க.

உயிலே இல்லன்னா என்ன ஆகும்னு முதல்ல பாத்துடுவோம், ஏன்னா "எல்லாம் பொண்டாட்டிக்குத்தானே போகும், எதுக்கு உயிலு"ன்னு கேக்கறவங்க நிறைய. போகாது. இந்து ஆம்பளை உயில் எழுதாம செத்தா 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், அப்புறம் அவரைப் பெத்த அம்மா, எல்லாருக்கும் சம பங்கு. அப்பா அந்த முதல் வரிசையிலயே கிடையாது. பொம்பளைங்களுக்கு கதை இன்னும் மோசம். எங்க சொந்தத்துல ஒருத்தங்க, வீட்டுக்காரர் போயிட்டாரு, குழந்தை இல்ல, சொந்த சம்பாத்தியத்துல ஃபிளாட் வாங்கி அம்மாவை கூட வச்சு பாத்துட்டு இருந்தாங்க, திடீர்னு தவறிட்டாங்க. 15-வது பிரிவுப்படி பிள்ளைகளும் புருஷனும் இல்லன்னா அடுத்து கணவரோட வாரிசுங்கதான், பெத்த அம்மா அதுக்கும் பின்னாடி. ஃபிளாட் வருஷக்கணக்கா வாசப்படி மிதிக்காத கொழுந்தனாருக்கு போச்சு. ஒரு பக்கம் எழுதி வச்சிருந்தா அம்மாவுக்கு போயிருக்கும். அதனால இதை படிக்கிற பொண்ணுங்க, குறிப்பா சொந்தமா சம்பாதிச்சு வாங்கினவங்க, புருஷனோட உயிலுக்கு அலையறதுக்கு முன்னாடி உங்க உயிலை எழுதுங்க.

எழுத உக்கார்றதுக்கு முன்னாடி ஒரு நோட்டுல எது உங்களோடதுன்னு பட்டியல் போடுங்க. சுய சம்பாத்தியத்தை யாருக்கு வேணா எழுதலாம், பூர்வீக சொத்துல உங்க பங்கை மட்டும்தான் எழுத முடியும், மொத்தத்தையும் எழுதினா அந்த இடத்துலயே சண்டை ஆரம்பம். பொண்ணுங்களுக்கு பூர்வீகத்துல பங்கு இல்லன்னு இன்னமும் சொல்ற பெரியவங்க இருக்காங்க, தமிழ்நாட்டுல 1989-லயே சட்டம் வந்தாச்சு, 2005-ல நாடு முழுக்க வந்தாச்சு. முஸ்லிம்னா கணக்கே வேற, பொதுவா மூணுல ஒரு பங்குக்கு மேல உயில் எழுத முடியாது, அதையும் வாரிசா வர்றவங்களுக்கே எழுதினா மத்த வாரிசுங்க சம்மதிக்கணும். கிறிஸ்தவங்க கல்யாணத்துக்கு முன்னாடி எழுதின உயில் கல்யாணம் ஆனதும் செல்லாம போயிடும், திரும்ப எழுதணும்.

பட்டியல்ல வீடு, நிலம், நகை, எஃப்டி, மியூச்சுவல் ஃபண்ட், பிஎஃப், இன்சூரன்ஸ், கைமாத்தா குடுத்தது, கடன் வாங்குனது எல்லாம் வரணும். கடனை யாருமே எழுத மாட்டாங்க, ஆனா சொத்துல இருந்து முதல்ல போறது அதுதான்.

இங்கயே நாமினி மேட்டரையும் சொல்லிடறேன். நாமினின்னா சொந்தக்காரர் இல்ல, பணத்தை வாங்கி உரிய வாரிசுகிட்ட சேர்க்க வேண்டிய ஆள், அவ்ளோதான். 1984-ல இன்சூரன்ஸ் விஷயத்துல சுப்ரீம் கோர்ட் இதை சொல்லிச்சு, 2023 டிசம்பர்ல ஷேருக்கும் அதேதான்னு சொல்லிடுச்சு. இன்சூரன்ஸ்ல மட்டும் 2015 திருத்தத்துக்கு அப்புறம் மனைவி, கணவர், பெத்தவங்க, பிள்ளைங்க நாமினியா இருந்தா பணம் அவங்களுக்கே. பேங்க்ல 2025 நவம்பர் 1-ல இருந்து ஒரு அக்கவுண்டுக்கு நாலு நாமினி வரைக்கும் போடலாம். உயில்ல ஒருத்தர் பேரு நாமினில இன்னொருத்தர் பேருன்னு விட்டுடாதீங்க, பழைய எஃப்டிக்கு கல்யாணத்துக்கு முன்னாடி தம்பி பேரை போட்டுட்டு மறந்தவங்க எத்தனையோ பேரு.

இப்ப எழுதுறது. ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், வெள்ளைப் பேப்பர் போதும், கையால எழுதினாலும் டைப் பண்ணினாலும் செல்லும். பத்திர எழுத்தர்கிட்ட போனா "பூரண சுயநினைவுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும்"னு ஒரு பக்கம் ஓட்டுவாரு, ஓட்டட்டும், அதுல ரெண்டு வரி முக்கியம்: "இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன், இதுவே எனது கடைசி உயில்"னு ஒண்ணு, "என் ஆயுளுக்குப் பின் அமலுக்கு வரவேண்டியது"ன்னு இன்னொண்ணு. தேதி கட்டாயம் போடுங்க, ரெண்டு உயில் கிளம்பினா கடைசியா எழுதினதுதான் நிக்கும், முன்னாடி எழுதினது ரிஜிஸ்டர் பண்ணினதா இருந்தாலும் சரி. வீட்டைப் பத்தி "தெரு முனை வீடு"ன்னு எழுதாம மூலப்பத்திர நம்பர், சர்வே நம்பர், நாலு எல்லை, அளவு எல்லாம் போடுங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து, அடிச்சு திருத்தின இடத்துல பக்கத்துலயே உங்க கையெழுத்தும் சாட்சிங்க கையெழுத்தும், முடிஞ்சா திருத்தமே இல்லாம புதுசா அடிச்சுடுங்க.

நீங்க சொத்து எழுதி வைக்கற ஆள் உங்களுக்கு முன்னாடியே போயிட்டா என்னன்னும் எழுதணும். மனைவிக்குன்னு மட்டும் எழுதி, அவங்க முன்னாடியே போயிட்டா அந்த வரியே தொங்கும். "அவர் எனக்கு முன் காலமாகி இருந்தால் என் மகளும் மகனும் சரிசமமாக"ன்னு ஒரு வரி சேர்த்தா தீர்ந்துச்சு. கடைசில "மேலே சொல்லாத மற்ற எல்லா சொத்தும் இன்னாருக்கு"ன்னு ஒரு வரி, பட்டியல்ல மறந்ததெல்லாம் அதுல வந்து விழும். ஒரு பிள்ளைக்கு குறைச்சு குடுக்கறீங்கன்னா காரணத்தை ரெண்டு வரில எழுதிடுங்க, "மேல்படிப்புக்கும் கல்யாணத்துக்கும் ஏற்கனவே செய்துவிட்டேன்"ன்னு, திட்டி எழுதாதீங்க, கோர்ட்ல அதை சத்தமா படிப்பாங்க.

அப்புறம் எக்ஸிகியூட்டர், அதாவது உயிலை நிறைவேத்துற ஆள். இந்த பேரை விட்டுட்டா உயில் செல்லாதுன்னு இல்ல, ஆனா ப்ரொபேட்டுங்கறது எக்ஸிகியூட்டருக்கு மட்டும்தான் குடுப்பாங்க, பேரு இல்லன்னா உயிலோட சேர்த்து லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்னு வேற மனு போடணும். பங்கு வாங்கற ஆளே எக்ஸிகியூட்டரா இருக்கலாம், அதுல தப்பில்ல. பொறுமையா பேங்குக்கு நாலு தரம் நடக்கற ஆளா பாருங்க, மூத்த பையன்ங்கறதுக்காக போடாதீங்க.

சாட்சிக்கு வந்துட்டோம். 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-வது பிரிவுப்படி ரெண்டு பேராவது வேணும், நீங்க கையெழுத்து போடறதை பாத்துட்டோ, இல்ல "இது என் கையெழுத்துதான்"னு நீங்க சொல்லக் கேட்டோ, உங்க முன்னாடி அவங்க கையெழுத்து போடணும். உள்ள என்ன எழுதியிருக்குன்னு அவங்க படிக்க வேண்டியதில்ல, மடிச்சு காட்டினா போதும். உங்களை விட பத்து பதினஞ்சு வயசாவது சின்னவங்களா, அட்ரஸ் மாத்திட்டே இருக்காத ஆளா, கோர்ட்டுன்னா ஓடாத ஆளா பாருங்க. பங்கு வாங்கறவங்களும் அவங்க வீட்டுக்காரங்களும் வேண்டாம். கிறிஸ்தவங்களுக்கு சாட்சி போட்டவருக்கு எழுதின பங்கே செல்லாம போயிடும், இந்துக்களுக்கு அந்த பிரிவு பொருந்தாதுன்னாலும் எதிர்ப்பக்க வக்கீலுக்கு அது கரும்பு தின்ன கூலி குடுத்த மாதிரி. வயசானவங்க, ஆஸ்பத்திரில இருந்து வந்தவங்க எழுதறப்ப குடும்ப டாக்டர் ஒருத்தரை சாட்சியா போட்டு, சுயநினைவோட இருக்காருன்னு அன்னிய தேதில ஒரு சர்டிஃபிகேட்டும் வாங்கி பின் பண்ணிடுங்க. அப்புறம் சொத்து வாங்கப் போற பையனே வக்கீலை புடிச்சு, டிராஃப்ட் அடிச்சு, கார்ல கூட்டிட்டுப் போயி, பக்கத்துலயே உக்காந்து இருந்தான்னா அது ஒண்ணே போதும் சந்தேகம் வர, நீங்களா போங்க.

ரிஜிஸ்டர் பண்றது கட்டாயம் இல்ல, ஆனா பண்ணுங்கன்னுதான் சொல்லுவேன். ஃபோட்டோ, கைரேகை எல்லாம் பதிவாகிடும், தொலைஞ்சாலும் காப்பி கிடைக்கும். ஊருக்கே தெரிஞ்சுடுமேன்னு பயப்படறவங்களுக்கு, உயில் ஈசில, அதாவது வில்லங்கச் சான்றுல, வராது, நீங்க உயிரோட இருக்கற வரைக்கும் காப்பி உங்களுக்கோ நீங்க அனுப்பற ஆளுக்கோதான் தருவாங்க. அதுவும் வேண்டாம்னா சீல் வச்ச கவர்ல மாவட்டப் பதிவாளர்கிட்ட குடுத்து வைக்கலாம்.

"உயிலே எதுக்கு, இப்பவே செட்டில்மென்ட் எழுதிக் குடுத்துடலாம்"னு பிள்ளைங்க சொல்லுவாங்க. உயிலை சாகற வரைக்கும் பத்து தரம் மாத்தலாம், செட்டில்மென்ட் எழுதி ரிஜிஸ்டர் பண்ணின அன்னிக்கே சொத்து கை மாறிடுச்சு, உங்க இஷ்டத்துக்கு ரத்து பண்ண முடியாது. அப்படியும் எழுதறீங்கன்னா "என்னை கடைசி வரை பராமரிக்க வேண்டும்"ங்கற நிபந்தனையும், ஆயுள் வரைக்கும் அந்த வீட்டுல இருக்கற உரிமையும் பத்திரத்துலயே வரணும். 2007 மூத்த குடிமக்கள் சட்டம் 23-வது பிரிவுல பத்திரத்தை ரத்து பண்ணக் கேக்கறப்ப அந்த நிபந்தனை வரிதான் கை குடுக்கும். பவர் பத்திரம் வச்சிருக்கேன்னு நம்பறவங்களுக்கும் ஒண்ணு, பவர் குடுத்தவர் போன நிமிஷமே பவரும் போச்சு.

டிரஸ்ட்டு எல்லாருக்கும் தேவைப்படாது, ஒரு வீடும் ரெண்டு எஃப்டியும் இருக்கறவங்களுக்கு அது வெட்டிச் செலவு. ஆனா மைனர் குழந்தை, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை, பணத்தை கையில குடுத்தா ஒரு மாசத்துல அழிச்சுடற பிள்ளைன்னு இருந்தா கட்டாயம் யோசிங்க. சொத்து டிரஸ்டி பேருல இருக்கும், பலன் மட்டும் அந்த பிள்ளைக்கு. இப்பவே ஆரம்பிச்சு வீடு நிலத்தை அதுல வைக்கணும்னா பத்திரத்தை ரிஜிஸ்டர் பண்ணணும், இல்ல உயிலுக்குள்ளயே "என் காலத்துக்குப் பின் இன்னார் டிரஸ்டியா இருந்து மாசாமாசம் செலவுக்கு குடுக்க வேண்டும்"னு எழுதலாம். டிரஸ்டி ஒருத்தரை மட்டும் போடாதீங்க, அவருக்கு அடுத்து யாருன்னும் எழுதுங்க. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவங்களுக்கு 18 வயசுக்கு அப்புறமும் கார்டியன் வேணும்னா 1999 தேசிய அறக்கட்டளை சட்டத்துல மாவட்ட அளவுல கமிட்டி இருக்கு, அதை நீங்க இருக்கறப்பவே முடிச்சுடுங்க.

ஆள் போன பிறகு செய்ய வேண்டியது: இறப்பை 21 நாளுக்குள்ள பதிவு பண்ணி, சர்டிஃபிகேட் பத்து காப்பியாவது எடுத்துக்குங்க. தாசில்தார்கிட்ட வாரிசு சான்றிதழுக்கு ஈ-சேவைல அப்ளை பண்ணுங்க. அது வாரிசு யார் யாருன்னு சொல்ற பேப்பர்தான், சொத்து யாருக்குன்னு சொல்லாது. உயில் இல்லாம பேங்க் பணம், ஷேர்ல தகராறுன்னா கோர்ட்ல சக்சஷன் சர்டிஃபிகேட் வாங்கணும், அது பணத்துக்கும் ஷேருக்கும்தான், வீட்டுக்கு செல்லாது.

ப்ரொபேட்டுன்னா இதுதான் உண்மையான கடைசி உயில்னு கோர்ட் சீல் வச்சு குடுக்கறது. எக்ஸிகியூட்டர் ஒரிஜினல் உயிலோட மனு போடணும், கிடைக்கற சாட்சி ஒருத்தர் அஃபிடவிட் குடுக்கணும், மத்த வாரிசுங்களுக்கு நோட்டீஸ் போகும், பேப்பர்ல விளம்பரம் வரும். யாரும் எதிர்க்கலன்னா அப்படியே ஆர்டர், ஒருத்தர் கேவியட், அதாவது எதிர்ப்பு மனு, போட்டாலும் அது முழு வழக்கா மாறிடும். சென்னை, மும்பை, கொல்கத்தா எல்லைக்குள்ள எழுதின உயிலுக்கும் அங்க இருக்கற வீடு நிலத்துக்கும் ப்ரொபேட் கட்டாயம்னு இருந்த 213-வது பிரிவை 2025 டிசம்பர்ல பார்லிமென்ட்ல திருத்தச் சட்டம் போட்டு எடுத்துட்டாங்க. நான் அலைஞ்சு முடிச்சு எத்தனையோ வருஷம் கழிச்சு, என்னத்த சொல்ல. கட்டாயம்தான் போச்சு, சண்டை இருக்கற வீட்டுல, பெரிய தொகையை விடுவிக்க யோசிக்கற இடத்துல ப்ரொபேட் இன்னமும் உதவும், உயிலை நிரூபிக்கற வேலை எங்கயும் போகல.

ஒரிஜினலை பேங்க் லாக்கர்ல வச்சு சாவியையும் ரகசியமா வைக்காதீங்க, லாக்கரைத் திறக்கவே பேப்பர் கேப்பாங்க, அந்த பேப்பர் லாக்கருக்குள்ள இருக்கும். எக்ஸிகியூட்டருக்கு இடத்தை மட்டும் சொல்லி வைங்க, உள்ள இருக்கறதை சொல்ல வேண்டாம்.

போன வருஷம் எங்கம்மா உயில் எழுதினாங்க. சாட்சி ரெண்டு பேரு, ஒண்ணு எதிர்வீட்டுப் பொண்ணு, 34 வயசு, இன்னொண்ணு எங்க குடும்ப டாக்டரோட ஜூனியர். கையெழுத்து போட்டு முடிச்சதும் அம்மா அந்த பொண்ணோட கையெழுத்தையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஏம்மா, பேங்க்லயும் இப்படித்தானே போடுவ?"ன்னு கேட்டாங்க.